காருக்கு மட்கார்டு தேவையா? தீர்மானிப்பது முதல் மாட்டிப் பராமரிப்பது வரை

கார் எடுக்கப் போகிறவரிடம் ஷோரூமில் நீட்டப்படும் துணைப்பொருள் பட்டியலில், ஃப்ளோர் மேட்டுக்கும் சீட் கவருக்கும் நடுவே மட்கார்டு என்று ஒரு வரி இருக்கும். விலை குறைவு என்பதால் பலர் யோசிக்காமல் அதற்கு டிக் போட்டுவிடுகிறார்கள். கம்பெனியே போடாததை நாம் ஏன் போட வேண்டும் என்று வேறு சிலர் அதை அடித்துவிடுகிறார்கள். இரண்டு முடிவுகளில் எது சரி என்பது காரைவிட, அந்தக் கார் அன்றாடம் ஓடப்போகும் சாலையைப் பொறுத்தது.

இங்கே மட்கார்டு என்று சொல்வது, சக்கரத்துக்குப் பின்புறம், பாடியின் ஓரத்திலிருந்து கீழே தொங்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தகட்டை. இருசக்கர வண்டியில் சக்கரத்தின் மேல் கவிந்திருக்கும் பாகத்துக்கும் இதே பெயர்தான். காரில் அந்த வேலையைச் சக்கரத்தின் மேலுள்ள பாடித் தகரமான ஃபெண்டரும் அதன் உட்புறம் இருக்கும் பிளாஸ்டிக் லைனிங்கும் செய்துவிடுகின்றன. கடையில் மட் ஃபிளாப் என்று கேட்டாலும் இந்தத் தகட்டைத்தான் எடுத்துத் தருவார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன் சக்கரங்களுக்கு மட்கார்டு போடுவது பெரும்பாலான கார்களுக்குப் பயன் தரும். பின் சக்கரங்களுக்குப் போடுவது நம் காரைவிட நமக்குப் பின்னால் வருகிறவருக்கே அதிகம் உதவும். தகரத்தில் புதிதாகத் துளை போட்டால்தான் மாட்ட முடியும் என்றால், மாட்டாமல் விடுவதே நல்லது.

கடைக்குப் போகும் முன் காரைச் சுற்றி வாருங்கள்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால், அதற்கு மட்கார்டு வேண்டுமா என்பதை அந்தக் காரே சொல்லிவிடும். ஒரு மழை நாளில், வழக்கமாகப் போகும் வழியில் போய் வந்த பிறகு, கழுவுவதற்கு முன் அதன் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து விசிறி விரித்ததுபோல் சேறு தெறித்திருக்கும். அந்த விசிறி கதவுக்குக் கீழே உள்ள அடிப்பகுதியோடு நின்றுவிட்டதா, கதவின் பாதி வரை ஏறியிருக்கிறதா, பின் கதவின் கைப்பிடியையே தொட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். நம் நாட்டில் இடப்புறமாக ஓட்டுவதால், மண்ணும் சரளையும் ஒதுங்கிக் கிடக்கும் சாலையோரத்தை இடப்பக்கச் சக்கரங்களே அதிகம் மிதிக்கின்றன. ஆகவே இடப்பக்கத்தைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்து, காரைக் கழுவித் துடைத்த பின், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியை, டிங்கரிங் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்று சொல்லப்படும் அந்தப் பகுதியை, முன் சக்கரத்திலிருந்து பின்னோக்கி விரல்களால் தடவிப் பாருங்கள். கல் உப்பைத் தொடுவதுபோல் சொரசொரவென்று இருந்தால், அங்கே கற்கள் பெயின்டைப் பொறித்திருக்கின்றன என்று பொருள். கைப்பேசியின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். வெள்ளைக் காரில் கரும்புள்ளியாகத் தெரிவது பெயின்ட் பெயர்ந்த இடம். அதே புள்ளி பழுப்பாகி, சுற்றிலும் கறை படர்ந்திருந்தால் அங்கே துரு தொடங்கிவிட்டது. பின் சக்கர வளைவின் முன்விளிம்பையும் இதேபோல் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன் சக்கரம் எறியும் கற்களில் பல அங்கேதான் போய் முட்டுகின்றன.

புதுக் கார் வாங்குகிறவர் இதற்கு ஒரு குறுக்கு வழியைப் பிடிக்கலாம். அதே மாடலில் மூன்று நான்கு ஆண்டு ஓடிய காரைத் தெருவிலோ சர்வீஸ் சென்டர் வாசலிலோ கண்டால், குனிந்து அதன் ரன்னிங் போர்டைப் பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் அந்த இடத்தில் ஆரஞ்சுத் தோல்போல மேடு பள்ளமாக ஒரு தடித்த பூச்சைக் கம்பெனியே கொடுத்திருக்கும். எஸ்யூவி வகைகளில் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையே பொருத்தியிருக்கும். இப்படிப்பட்ட கார்களில் மட்கார்டு செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதி முன்னமே முடிந்துவிட்டது.

இடையில் ஓர் எச்சரிக்கை: பல கார்களில் சக்கரத்துக்கு முன்புறம், பம்பருக்கு அடியில், கையகலத்துக்குச் சிறு கறுப்பு மடல் ஒன்று தொங்கும். அது காற்றைச் சக்கரத்தில் நேராக மோதவிடாமல் திருப்பிவிடுவதற்கானது. உடைந்த மட்கார்டின் மிச்சம் என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டயர் எதை, எந்தக் கோணத்தில் எறிகிறது

மட்கார்டு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது இதைப் புரிந்துகொண்டால் தானே விளங்கிவிடும். 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் ஆரம் சுமார் 31 செ.மீ. கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது டயரின் மேற்பரப்பும் காரை வைத்துப் பார்த்தால் அதே வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. டயரின் பள்ளங்களில் சிக்கிய கல்லும் ஒட்டிய சேறும் பிடி விட்ட கணத்தில் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் பறக்கின்றன. தரையை விட்டு எழும்பியதுமே கழன்ற கல் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் பின்னால் ஓடிவிடும். டயரோடு ஒட்டிக்கொண்டு நன்றாக மேலே போய்க் கழன்றது லைனிங்கில் மோதி உள்ளேயே விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தில் கழல்பவையே ரன்னிங் போர்டையும் கதவையும் தாக்குகின்றன.

தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் முடியும் மட்கார்டு ஒன்று, சக்கர மையத்துக்கு 35 செ.மீ. பின்னால் தொங்குவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஏறத்தாழ 20 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் கிளம்புவதெல்லாம் அதில் முட்டிவிடும். அதற்குக் குறைவான கோணத்தில் போவது அதன் அடி வழியே தப்பி, பெரும்பாலும் காரின் அடிவயிற்றில் படும். மட்கார்டு போட்ட பிறகும் கார் அழுக்காகிறதே என்று குறைப்படுபவர்களுக்கான விடையும் இதிலேயே இருக்கிறது.

சக்கரக் கவசத்துக்கான ஐரோப்பிய விதி 1978-லேயே வந்தது. சக்கரத்தின் உச்சியிலிருந்து முன்னோக்கி 30 பாகை, பின்னோக்கி 50 பாகை வரை பாடி மூடியிருக்க வேண்டும் என்று அது கேட்டது. அதற்குக் கீழே, நாம் கவலைப்படும் கோணம் அத்தனையும் திறந்தே கிடக்கலாம். ஆகவே, கம்பெனி போடவில்லை என்பதற்காகவே அது தேவையில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

நீளத்தைவிட அகலம் முக்கியம் என்பது என் அனுபவம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும் ஒடித்து நிறுத்திவிட்டு, இறங்கி வலப்பக்க முன் சக்கரத்தைப் பாருங்கள்: டயரின் பின்விளிம்பு பாடியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். வலப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரம் அதையே செய்யும். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் கதவின்மேல் சேற்றை இறைப்பது இதனால்தான். டயரின் வெளிவிளிம்புக்கு இணையாகவாவது வராத ஒல்லியான மட்கார்டு, எவ்வளவு நீளமாக இருந்தாலும் கதவைக் காப்பாற்றாது.

பின் சக்கரம் திரும்புவதில்லை. அது எறிவது பம்பரின் அடியிலும் பின்னால் வரும் வண்டியின்மீதும் விழும். ஹேட்ச்பேக்கின் பின் கண்ணாடி மழையில் சேறாகிவிடுகிறதே, பின் மட்கார்டு போட்டால் சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. ஓடும் காரின் செங்குத்தான பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாவதால், சாலையிலிருந்து எழும் நுண்துளிகள் அந்தச் சுழலில் சிக்கிக் கண்ணாடிக்கு ஏறுகின்றன. அதற்கு வைப்பர்தான் வழி.

எந்தச் சாலைக்கு எவ்வளவு அவசியம்

காரில் தகரத்தின் மேலுள்ள பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் வரும். நகலெடுக்கும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான் என்றால், ஒன்றரைத் தாள் கனத்துக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதைக் கூரிய ஜல்லி ஒன்று ஒரே அடியில் கடந்துவிடும். தகரத்தின்மேல் துத்தநாகப் பூச்சு இருந்தால் துரு உடனே பிடிக்காது என்றாலும், ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் அது என்றென்றைக்கும் தாங்காது.

மட்கார்டு தன் விலையைத் திருப்பித் தரும் முதல் இடம், புதிதாகத் தார் போட்டு, அதன்மேல் பொடி ஜல்லி தூவி, ரோலர் ஓட்டிய கையோடு போக்குவரத்துக்குத் திறந்துவிடப்படும் சாலை. கோடையில் அந்தத் தார் இளகி டயரில் ஒட்டி, ஜல்லியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, கதவடியில் கறுப்புப் புள்ளிகளாக அப்பிக்கொள்ளும். அதை எடுப்பதற்குள் பெயின்டின் பளபளப்பும் கொஞ்சம் போய்விடும். அடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்மண் பாதைகளும், கல்குவாரி லாரிகள் சரளை சிந்திக்கொண்டே போகும் ஊர்ச் சாலைகளும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களிலும் கல் அடி குறைவாகவே இருக்கலாம். ஆனால் பட்ட ஒவ்வோர் அடியும் விரைவில் துருவாகிவிடும்.

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசல் மண் இவற்றில் சேராத தனிக்கதை. மழையில் நனைந்த கரிசல், டயரைச் சுற்றிச் சேலை சுற்றியதுபோல் அடுக்கடுக்காக ஏறும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் அந்த மண் அங்கே அடைத்துக்கொண்டு, சக்கரத்தையே பிரேக் போட்டதுபோல் இறுக்கி, கடைசியில் மட்கார்டைப் பிய்த்துக்கொண்டு போகும். வயல் வழிகளில் அடிக்கடி இறங்குகிறவர்கள் அங்கே கழற்றிவிடக்கூடிய வகையை வாங்குவது, அல்லது வாங்காமலே இருப்பது உத்தமம்.

நகரத்துக்குள் மட்டும், நல்ல சாலையில், மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓடும் காருக்கு மட்கார்டு பெரும்பாலும் அழகுப் பொருள்தான். ஆனாலும் பின் சக்கர மட்கார்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழையில் நமக்குப் பின்னால் வருகிறவர்களில் பாதிப் பேர் இருசக்கர வண்டியில் வருகிறார்கள். நம் பின் டயர் எழுப்பும் சேற்று நீரை முகத்திலும் சட்டையிலும் வாங்கிக்கொள்பவர்கள் அவர்கள்தான். அந்தக் காரணத்துக்காகப் போடுகிறேன் என்பவரிடம் பணக் கணக்கு பேச எனக்கு மனமில்லை.

வேகத்தடையும் ரிவர்ஸ் கியரும்

மட்கார்டுகள் உடைவது கல் பட்டு அல்ல. வேகத்தடையிலும், ரிவர்ஸ் எடுக்கும்போதும்தான் அவை போகின்றன.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் பரிந்துரைத்த வேகத்தடை, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய மேடு. அப்படிப்பட்ட தடையிலிருந்து முன் சக்கரம் இறங்கி முடிக்கும் தறுவாயில், அதற்கு 35 செ.மீ. பின்னாலுள்ள மேடு சக்கரம் நிற்கும் மட்டத்தைவிடச் சுமார் மூன்றரை செ.மீ. மட்டுமே உயர்ந்திருக்கும், 12 செ.மீ. இடைவெளியுள்ள மட்கார்டு அலுங்காமல் கடந்துவிடும். ஆனால் நம் ஊர்களில் இரவோடிரவாகச் சிமென்ட்டைக் கொட்டி முழ அகலத்தில் எழுப்பிய தடை இருக்கிறதே, அதில் சக்கரம் இறங்கி நிற்கும்போது மேட்டின் முழு உயரமும் மட்கார்டுக்கு நேரே நிற்கும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகப் போனால் சஸ்பென்ஷனும் சில செ.மீ. அமுங்கியிருக்கும். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; அந்த உயரக் கார்களில் நீண்ட மட்கார்டு மாட்டுகிறவர்கள் உரசலை எதிர்பார்த்தே மாட்ட வேண்டும். உரசினாலும் வளைந்து கொடுக்கும் பொருளாக இருந்தால் பெரிய சேதமில்லை.

ரிவர்ஸ் எடுப்பது இதைவிட மோசம். பார்க்கிங்கில் பின்னுக்குப் போய், சக்கரம் முட்டுவதற்காக வைத்த சிமென்ட் கட்டையையோ நடைபாதை விளிம்பையோ தொடும்போது, முதலில் தொடுவது பின் மட்கார்டு. அது டயருக்கும் கட்டைக்கும் நடுவே மாட்டிக்கொள்ள, சக்கரம் அதன்மேல் ஏறி, கீழ்நோக்கிச் சுருட்டி இழுக்கும். மட்கார்டு மட்டும் கிழிந்தால் நல்ல காலம்; திருகுகள் இறுக்கமாக இருந்தால் பம்பரின் மூலையும் சேர்ந்து கழன்று வரும். இதனால்தான், கெட்டியான பின் மட்கார்டைக் காட்டிலும், பிய்ந்தாலும் தான் மட்டும் பிய்யும் மென்மையான மட்கார்டை நான் சொல்கிறேன்.

எரிபொருள் செலவு கூடுமா என்று கேட்பவர்களுக்கு: காற்றுத் தடை சற்றே கூடும் என்பது உண்மை, அன்றாட ஓட்டத்தில் அதை உங்கள் பெட்ரோல் கணக்கில் கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மை.

வாங்கும்போது

அந்தந்த மாடலுக்கென்றே வார்த்தது, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது என இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வீல் ஆர்ச்சின், அதாவது சக்கரத்தைச் சுற்றியுள்ள பாடி விளிம்பின், வளைவு அப்படியே இருக்கும். காரில் ஏற்கெனவே உள்ள திருகுத் துளைகளையே அது பயன்படுத்தும். கார் கம்பெனியின் துணைப்பொருள் பிரிவிலும் வெளிக்கடைகளிலும் கிடைக்கும். நான்கும் சேர்ந்த செட் சில நூறு ரூபாயில் தொடங்கும். ஒரு பேனலுக்கு மறுபெயின்ட் அடிக்கச் சில ஆயிரம் ஆகும் என்பதை இதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகை தட்டையான ரப்பர் தகடு. அளவுக்கு வெட்டி, துளை போட்டோ, ஃபெண்டர் விளிம்பைக் கவ்வும் இரும்பு கிளாம்ப் வைத்தோ மாட்ட வேண்டும். அந்த கிளாம்ப்பின் பல் பெயின்டைக் கடித்து உள்ளே போய்விடும் என்பதால் அதையும் நான் துளையோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

பொருளைச் சோதிக்கக் கடையிலேயே ஒரு வழி உண்டு. மட்கார்டின் கீழ்முனையை மேல்முனையைத் தொடும்படி மடக்க முயன்று பாருங்கள். வெண்கோடு விழாமல், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பினால் அது நல்ல ரப்பரோ மென்பிளாஸ்டிக்கோ தான். பாதியிலேயே விறைத்து, மடிப்பில் வெள்ளை பாய்ந்தால், அது முதல் வேகத்தடையிலேயே உடையும். கடைக்காரர் மடக்க விடமாட்டேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

செட்டில் முன் இரண்டும் பின் இரண்டும் வேறுபட்டிருக்கும். இடம், வலமும் மாறும். திருகுகளும், திருகு பிடிக்கும் யூ கிளிப்புகளும் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றனவா என்று பையைப் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள்.

துளை போடும் கதை

என் முதல் காருக்கு மட்கார்டு மாட்டியது ஒரு துணைப்பொருள் கடை. மாட்டிய பையன் பத்தே நிமிடத்தில் நான்கையும் முடித்துவிட்டான். வேகத்தை வியந்து டீக்குக் காசும் கொடுத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து, கதவடியில் பழுப்பு நீர் வழிந்த கோடு ஒன்றைக் கண்டு மட்கார்டைக் கழற்றினேன். ஃபெண்டர் விளிம்பில் இரண்டு புதுத் துளைகள். லைனிங்கில் இருந்த துளைக்கு நேரே மட்கார்டைப் பிடித்து நிறுத்தும் பொறுமை இல்லாமல், டிரில்லிங் மெஷினை நேராகத் தகரத்தில் வைத்திருக்கிறான். துளையைச் சுற்றிப் பெயின்ட் அப்பளம்போல் உப்பியிருந்தது; நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது. மட்கார்டு இல்லாமலே ஓட்டியிருந்தால் நாலைந்து பொட்டுகளோடு போயிருக்கும்.

துளை போடும்போது பெயின்ட், அடியிலுள்ள பிரைமர், துத்தநாகப் பூச்சு எல்லாமே அந்த வட்டத்தில் அறுபட்டு, வெறும் இரும்பு விளிம்பு வெளியே வருகிறது. அதன்மேல் மட்கார்டு மூடிக்கொண்டு ஈரமண்ணைத் தேக்கி வைக்கிறது. துருப்பிடிக்க இதைவிடத் தோதான இடம் காரில் வேறில்லை. கம்பெனி தரும் துருப் பாதுகாப்பு உத்தரவாதமும் அந்தப் பேனலில் கேள்விக்குள்ளாகலாம். ஆகவே வண்டியை விடும் முன்பே, டிரில்லிங் மெஷின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மாட்டும் முறை

மாடலுக்கென வார்த்த மட்கார்டை வீட்டு வாசலிலேயே, ஜாக் போடாமலே மாட்டிவிடலாம். ஸ்டார் திருப்புளி, 10 மி.மீ. ஸ்பேனர், பழைய பல் துலக்கும் பிரஷ், துணி, கொஞ்சம் கிரீஸ் இவ்வளவு போதும். முதல் முறை செய்கிறவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடியுங்கள். எந்தச் சக்கரத்தின் பின்னால், வளைவின் உட்புறத்தில் கை நுழைய இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கத்தில் தொடங்கலாம்.

2. வீல் ஆர்ச்சின் பின்பாதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பாடி விளிம்புக்கும் லைனிங்குக்கும் நடுவே உள்ள மண்ணைப் பிரஷ்ஷால் எடுத்து, நன்றாக உலரவிடுங்கள். இதை அவசரத்தில் தவிர்த்தால், சிக்கிய மணல் மட்கார்டின் அதிர்வில் உப்புத்தாள்போல் தேய்த்துப் பெயின்டைத் தின்றுவிடும்.

3. லைனிங்கைப் பிடித்திருக்கும் திருகுகளில் கீழ்ப்பகுதியில் உள்ள இரண்டு மூன்றை மட்டும் கழற்றுங்கள். சில கார்களில் திருகுக்குப் பதில் பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். நடுமுனையை நெம்பி எடுத்த பிறகே முழுக் கிளிப்பையும் இழுக்க வேண்டும். உடைந்தால் மாற்றுக் கிளிப் மலிவுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது.

4. மட்கார்டைத் திருகாமல் கையால் மட்டும் பொருத்திப் பிடித்து, துளைகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் இடம் வலம் மாறியிருக்கும், அல்லது பொருளே வேறு மாடலுடையதாக இருக்கும். அமுக்கி வளைத்துத் துளையைக் கொண்டுவந்து சேர்க்க முயல வேண்டாம்.

5. மட்கார்டின் விளிம்பு பெயின்டைத் தொடும் கோட்டை மனத்தில் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் பெயின்ட் காப்பதற்கான ஒளிபுகும் ஃபிலிமை விரல் அகலத்துக்கு ஒட்டுங்கள். பஞ்சு போன்ற ஃபோம் டேப் வேண்டாம். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

6. திருகின் மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதலில் நடுத் திருகைப் பாதி வரை ஏற்றுங்கள். பின் மேலும் கீழும். எல்லாம் ஏறிய பிறகு மட்கார்டைச் சீராக நிறுத்தி, ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கை இறுக்கத்துக்கு மேல் கால் சுற்றுக்கு மேற்படாமல் நிறுத்திவிடுங்கள். யூ கிளிப்பின் மரை போய்விட்டால் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

பின் சக்கரங்களுக்கும் முறை இதுவே. சில கார்களில் அந்தப் பக்கம் லைனிங் இல்லாமல் தகரம் வெறுமையாகவே இருக்கும். பம்பரின் மூலைத் திருகிலேயே மட்கார்டு தொங்கும். பெட்ரோல் ஊற்றும் குழாயும் வயர்களும் ஓடும் இடம் என்பதால் நீளமான வேற்றுத் திருகைப் போட்டுத் துருவக் கூடாது. சைலன்ஸர் பக்கம் ரப்பர் முனை அதைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மாட்டிய அன்றும் அதன் பிறகும்

முதலில் வண்டியை நிறுத்திய நிலையிலேயே ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே எல்லா நிலையிலும் உங்கள் இரண்டு விரல்கள் நுழைகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டாரை எல்லாம் ஏற்றிக்கொண்டு, தெருமுனையில் உள்ள மோசமான வேகத்தடையை நடை வேகத்தில் கடந்து பாருங்கள். கரகரவென்று தொடர்ந்து கேட்டால் டயர் தொடுகிறது. உடனே சரிசெய்ய வேண்டும். தடை மேல் மட்டும் சரக்கென்று ஒரு முறை கேட்டால் கீழ்முனை தரையைத் தொடுகிறது. ரப்பராக இருந்தால் கூரிய கத்தியால் இரண்டு செ.மீ. வெட்டிவிடலாம். 500 கி.மீ. ஓடிய பிறகு திருகுகளை ஒரு முறை சோதியுங்கள். அதிர்வில் முதலில் தளர்வது கீழ்த் திருகுதான்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது மட்கார்டின் உட்புறத்தையும் பீய்ச்சச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், தை மாத வாக்கில், முன் மட்கார்டுகள் இரண்டையும் கழற்றி, பின்னால் சேர்ந்திருக்கும் மண்ணை அள்ளிவிட்டு, ஃபிலிம் ஒட்டிய கோட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் மங்கியிருந்தால் ஃபிலிமை மாற்றுங்கள். தகரம் தெரிந்தால் பொட்டு வைக்கும் டச்சப் பெயின்டை அன்றே பூசி, உலர்ந்த மறுநாள் மாட்டுங்கள். முதல் ஆண்டு கழற்றும்போது ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கைப்பிடி மண்ணாவது விழும். கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். வாசலில் உருண்டு போனவை திரும்பக் கிடைப்பதில்லை.